எஸ்ஓபியை ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள்

வாலாஜாவிலிருந்து எழுதிய அப்பாவுக்கு. சார், உங்கள் பதற்றம் புரிகிறது. பெண் பி.இ. சிவில் கடைசி வருஷம். டெக்சாஸில் இருக்கும் மச்சினர் "சிவில்ல என்ன இருக்கு, டேட்டா சயின்ஸ் எம்.எஸ். போடுங்க" என்கிறார், வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஏஜென்ட் எஸ்ஓபியை (இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று விண்ணப்பத்தோடு மாணவர் எழுதித் தரும் கட்டுரை) எழுதியே கொடுத்துவிட்டார், நீங்களும் கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுத்துவிட்டீர்கள். முதலில் பத்திரத்தை பீரோவில் வையுங்கள்.

50 லட்சம் கடனுக்கு 11 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி மட்டுமே மாதம் 45,000 ரூபாய்க்கு மேல் போகும். அமெரிக்காவில் படித்து முடித்த பிறகும், அங்கே வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசா குலுக்கலில் பெயர் வர வேண்டும். அவளே கேட்காத ஒரு படிப்புக்காக இவ்வளவும் வேண்டாம், இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஏஜென்ட் எழுதியதைப் படித்தேன். "சிறுவயது முதல் கணினி மீது தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்கிறது, பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். பாப்பா தனியாக எனக்கு அனுப்பிய நாலு பாரா அப்படி இல்லை. ராணிப்பேட்டை குரோமேட் கழிவு மேட்டுக்குப் பக்கத்து ஊர்களில் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வந்து, காலேஜ் லேபில் சோதனை ரசாயனம் சேர்த்து, ஊதா நிறம் வந்ததும் 540 நானோமீட்டர் அலைநீள ஒளியில் வைத்து குரோமியத்தை அளந்திருக்கிறாள். அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டுவிட்டு, விடை கிடைக்காமல் அங்கேயே நிறுத்தியிருக்கிறாள். எஸ்ஓபி அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

என்ன செய்தேன், எது புரியவில்லை, அதைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்பில் எந்தப் பாடம் வேண்டும் என்ற வரிசையில் எழுதட்டும். பாலாறு கெட்டுப்போன கதை இரண்டு வரி போதும். வேலூர் தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் ஊரின் துயரத்தைக் காட்டி சீட் கேட்பது போல ஆகிவிடக் கூடாது. மார்க் விவரம் மார்க் ஷீட்டில் இருக்கிறது, அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

சரி, எங்கே அனுப்புவது? எராஸ்மஸ் முண்டஸ் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதில் ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்புகள் அவை. உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, செலவுக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். நிலத்தடி நீருக்கென்றே கிரவுண்ட்வாட்ச் என்று ஒரு படிப்பு, லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் என்று மூன்று ஊர்களில் நடக்கிறது. சிவில் படித்தவர்களுக்கு ஏற்றது. இந்த வருஷச் சேர்க்கைக்கு உதவித்தொகை உண்டா என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போட்டி கடுமை, முதல் தடவை கிடைக்காமலும் போகலாம். அப்படிப் போனாலும் உங்கள் வீடு உங்களிடம் இருக்கும்.

மச்சினரிடம் நீங்களே பேசுங்கள், அவளைப் பேசவிடாதீர்கள். சிபாரிசுக் கடிதத்துக்கு அவள் ப்ராஜெக்ட் கைடிடம் இந்த வாரமே கேட்கட்டும், கடைசி நேரத்தில் அவசரமாகக் கேட்டால் நாலு வரியில் முடித்துவிடுவார்கள். அப்புறம் எஸ்ஓபி முதல் வரைவை அவளே எழுதி எனக்கு அனுப்பட்டும், இங்கிலீஷ் தப்பாக இருந்தால் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம்.