பினாங்குப் பயணம்: எதை முன்பே வாங்கலாம், எதை அங்கே போய் வாங்கலாம்?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் அறைக்கு இணையத்திலேயே முழுப் பணமும் கட்டிவிட்டோம். வரவேற்பு மேசையில் மறுபடியும் பணம் கேட்டார்கள். ஏமாற்றா?

பதில்: இல்லை, வரி. வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் தங்குபவர்களிடம் ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சுற்றுலா வரி வாங்குகிறார்கள். பினாங்கில் இதோடு சிறிய உள்ளூர்க் கட்டணமும் சேரும். முன்பதிவுத் தளங்கள் பெரும்பாலும் இவற்றைக் கூட்டாமலே விலை காட்டுகின்றன. இரண்டு அறை, நான்கு இரவு என்றால் சுற்றுலா வரி மட்டும் 80 வெள்ளி. வரி அறைக்குத்தான், ஆளுக்கு அல்ல. தலைக்கு இவ்வளவு என்று கேட்டால் ரசீதில் அதைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அட்டையில் கட்டும்போது இயந்திரம் "ரூபாயா, ரிங்கிட்டா?" என்று கேட்டால் ரிங்கிட்டையே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி அல்ல, கடைக்காரர் பக்கம் முடிவு செய்யும், பெரும்பாலும் நட்டம்தான்.

கேள்வி: கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்கு விரைவு வரிசை டிக்கெட் வாங்கலாமா? சாதாரண டிக்கெட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கிறார்கள்.

பதில்: சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, பொது விடுமுறை நாட்களில் முதியவர்களோடு போனால் வாங்கலாம். மற்ற நாளில் வீண்செலவு. ஆயர் ஈத்தாமில் உள்ள கீழ் நிலையத்துக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் வரிசையே இருக்காது. குளிரும் இருக்கும், காட்சியும் தெளிவாக இருக்கும். நகரத்திலிருந்து 204 எண் பேருந்து நிலையம் வரை போகிறது. பேருந்தில் சில்லறை தரமாட்டார்கள், சரியான தொகையைக் கையில் வையுங்கள்.

பலரும் சறுக்குவது இறங்கும்போதுதான். நகர விளக்குகளைப் பார்த்த கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கீழே வரப் பார்க்கும். அதனால் விரைவு டிக்கெட் இறங்கவும் செல்லுமா என்று கேட்டபின் வாங்குங்கள். பல நாள் முன்னதாக வாங்குவதும் வேண்டாம். மழை மேகம் இறங்கினால் மேலே வெள்ளைத் திரைதான். மூடுபனிக்காகப் பணம் திரும்பாது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இந்த ஆபத்து அதிகம். பராமரிப்புக்காக ரயில் நிற்கும் நாட்களும் உண்டு, அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

மேலே 'ஹேபிட்டட்' வனப்பாதைக்குத் தனிக் கட்டணம். மலை உச்சியில் இருக்கும் முருகன் கோயிலுக்கு எதுவும் கிடையாது. நடந்தே ஏறுபவர்களுக்குத் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதை, சுமார் 5 கி.மீ., நல்ல செங்குத்து. முட்டிவலி உள்ளவர்கள் அதில் இறங்குவதைத் தவிர்க்கவும்.

கேள்வி: நாசி கண்டார் (சோறும் பலவகைக் கறி குழம்பும்) கடையில் இரண்டு தட்டுக்கு எதிர்பாராத பில் வந்தது. புகார் செய்யலாமா?

பதில்: விலை எழுதி வைக்கவில்லையென்றால் செய்யலாம், மலேசியாவில் விலை காட்டியாக வேண்டும். உள்நாட்டு வாணிப அமைச்சு புகாரை ஏற்கும், ரசீது அவசியம். ஆனால் பெரும்பாலும் பில்லை ஏற்றுவது பெரிய இறால், மீன் முட்டை, முழுக் கணவாய் போன்றவை. கரண்டி தட்டுக்கு வருமுன் "இது எவ்வளவு?" என்று தமிழிலேயே கேளுங்கள். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த தொழில் இது, பல கடைகளில் பதிலும் தமிழில் வரும்.

கேள்வி: தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலாப் பொதி தேவையா?

பதில்: தேவையில்லை. 101 எண் பேருந்தில் தெலுக் பஹாங்கில் இறங்கி, வாயிலில் கட்டணம் கட்டிப் பதிந்துகொண்டு நடக்கலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். கெராச்சுட் கடற்கரைக்கு ஒன்றரை மணி நேர ஏற்ற இறக்கம்; அங்கே ஆமைக் காப்பகம் இருக்கிறது, ஒரு பருவத்தில் நன்னீரும் உப்புநீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் ஏரியும் இருக்கிறது. குளிக்க வேண்டாம், நீரோட்டமும் சொறிமீனும் உண்டு. திரும்பப் படகு எடுப்பதானால் விலை படகுக்கா ஆளுக்கா என்பதைப் புறப்படுமுன் பேசுங்கள். அலை எழுந்தால் படகு வராது. நடந்து திரும்பும் அளவுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் மிச்சம் இருக்கட்டும்.

கேள்வி: மலேசிய மின் வருகை அட்டைக்கு (MDAC, நாட்டுக்குள் நுழையுமுன் இணையத்தில் நிரப்பும் படிவம்) ஒரு தளம் டாலரில் பணம் கேட்கிறது.

பதில்: மூடிவிடுங்கள். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் அது இலவசம். மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.