‘வருவதற்குள்’ தெரிந்தவளுக்கு ‘பை த டைம்’ தெரியாதா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘நாம் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விடும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னதற்கு, ‘பை த டைம் வீ வில் ரீச், த பஸ் வில் கோ’ என்று எழுதினாள். ட்யூஷனில் இரண்டு ‘வில்’லையும் சிவப்பு மையில் சுழித்து, ‘தமிழில் யோசித்தால் இப்படித்தான் வரும், இனிமேல் இங்கிலீஷிலேயே யோசி’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் நடக்கப்போவதற்கு ‘வில்’ போட்டது எப்படித் தப்பாகும்? தமிழை ஒதுக்கி வைத்தால்தான் ஆங்கிலம் வருமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்பு மை வரியை அழித்துவிடுங்கள். வாக்கியம் தப்புதான், திருத்தியதும் சரிதான். ஆனால் சொன்ன காரணம் தவறு. உங்கள் மகள் தமிழில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக யோசித்திருந்தால் அந்த முதல் ‘வில்’ விழுந்தே இருக்காது.

அவளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நேற்று பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன சொல்வாள்? ‘நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது’ என்பாள். நாளைக்குத் தவறவிடப்போவதாக இருந்தால்? ‘நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விடும்.’ முதல் பாதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நேற்று நடந்து முடிந்த விஷயம் என்பதற்காக ‘சேர்ந்ததற்குள்’ என்று தமிழ் பேசும் எந்தக் குழந்தையும் சொல்லாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: இந்த மாதிரி வாக்கியத்தில் எப்போது நடந்தது என்பதைக் கடைசியில் வரும் வினை பார்த்துக்கொள்ளும், ‘சேர்வதற்குள்’ அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை.

ஆங்கிலமும் எதிர்காலத்தைப் பேசும்போது ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. ‘பை த டைம் வீ ரீச்’ என்று சும்மா விட்டுவிடுகிறது. எதிர்காலத்தைச் சொல்லும் வேலை பின்பாதிக்குப் போகிறது. ‘வென்’, ‘அன்டில்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்று நேரம் குறித்துத் தொடங்கும் துணை வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் இதே பழக்கம் உண்டு. வேறுபாடு இறந்தகாலத்தில் வருகிறது. தமிழ் அங்கேயும் ‘சேர்வதற்குள்’ என்றே நிற்கும். ஆங்கிலமோ ‘பை த டைம் வீ ரீச்ட்’ என்று மாறிவிடும். அவள் புதிதாகப் பழக வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

சரி, பின்பாதிக்கு வருவோம். ‘த பஸ் வில் கோ’ ஏன் போதவில்லை? இதற்கும் விடை தமிழிலேயே இருக்கிறது. ‘நாம் போய்ச் சேர்வதற்குள் பஸ் போகும்’ என்று அவள் சொல்லவில்லை, ‘போய்விடும்’ என்றாள். அந்த ‘விடு’ சும்மா ஒட்டிக்கொண்டதல்ல. வேலை முடிந்தாயிற்று, இனி திரும்பாது என்று சொல்வது அதுதான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ஹேவ்’ நிற்கிறது. போய்விடும் என்றால் ‘வில் ஹேவ் லெஃப்ட்’, போய்விட்டது என்றால் ‘ஹேட் லெஃப்ட்’. ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட், பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர் சொல்லி மிரட்டுவதற்கு முன்னால், ‘உன் வாக்கியத்தில் விடு இருக்கிறதா, பார்’ என்று கேட்டிருந்தால் எட்டாம் வகுப்புக் குழந்தைக்கு அரை நிமிடத்தில் புரிந்திருக்கும். எனக்கு வருத்தமே அதில்தான்.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளக் கூடாது. ‘நான் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிட்டது’ என்கிறோம். இங்கேயும் விடு இருக்கிறது. ஆங்கிலத்திலோ ‘இட் வாஸ் டார்க்’ என்றாலே போதும். இருட்டு நமக்கு ஒரு வினை, அவர்களுக்கு ஒரு நிலை. நிலையைச் சொல்லும்போது ‘ஹேட்’ தேவைப்படுவதில்லை. ‘பை த டைம் வந்தால் ஹேட் வந்தே ஆகவேண்டும்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் இங்கே ‘ஹேட் பீன் டார்க்’ என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

உண்மையிலேயே தமிழ் நம்மைத் தடுக்கிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ‘நான் கதவைத் தட்டுவதற்குள் அவர் திறந்துவிட்டார்.’ நான் தட்டினேனா? இல்லை. கை ஓங்கியதோடு சரி. ‘நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது.’ நான் போய்ச் சேர்ந்தேனா? சேர்ந்தேன், வெறும் ரோட்டைத்தான் பார்த்தேன். நடந்த செயல், நடக்காமல் போன செயல் இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘-வதற்குள்’ போதும். ‘பை த டைம்’ அப்படியல்ல. அந்தச் செயல் நடந்திருக்க வேண்டும், அல்லது நடக்கப்போவதாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் மற்றது முடிந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். தட்டவே இல்லை என்றால் நிற்க இடமில்லை. அங்கே ‘பிஃபோர் ஐ குட் நாக்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘கண் இமைப்பதற்குள்’, ‘சொல்லி வாய் மூடுவதற்குள்’ எல்லாம் இந்த ‘பிஃபோர்’ பக்கம்தான். ‘குழந்தையைத் தூங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது’ என்று அம்மாக்கள் சொல்வது ‘பை த டைம்’ பக்கம். குழந்தை தூங்கிவிட்டதல்லவா!

நான் பிழை திருத்துபவனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், கதவு தட்டும் வாக்கியம் ஒன்றை ஆங்கிலமாக்கி, ‘பை த டைம் ஐ நாக்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, “தம்பி, அப்போ தட்டிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். வேறு எந்த விளக்கமும் எனக்குத் தேவைப்படவில்லை.

இரு மொழிகளும் இந்த வேலைக்கு இடத்தைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். நமக்கு ‘உள்’. அவர்களுக்கு ‘பை’, அதாவது பக்கத்தில். ‘சிட் பை மீ’ என்றால் என் பக்கத்தில் உட்கார் என்பதுதானே? தொல்காப்பியமும் வினையியலில் பின், முன், கால், கடை, வழி, இடத்து என்று ஆறு சொற்களைச் சேர்த்து, காலம் காட்டும் எச்சங்களாகச் சொல்கிறது. முன், பின், கடை, வழி, இடம் எல்லாம் இடத்தில் பிறந்து காலத்துக்கு வந்தவை. ‘வெள்ளிக்கிழமைக்குள் கொடு’ என்பதை நம் அலுவலகங்களில் ‘விதின் ஃப்ரைடே’ என்று எழுதுவதும் இந்த ‘உள்’ளால்தான். இரண்டு நாளுக்குள் என்றால் ‘விதின் டூ டேஸ்’ சரி, அது ஓர் அளவு, உள்ளே இடம் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு கெடு. அதற்குப் ‘பை ஃப்ரைடே’. அதில் வெள்ளிக்கிழமையும் சேர்ந்துதான். ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு முடிந்தது.

அப்புறம், வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒன்று: ‘பை த டைம் யூ ரீச், கால் மீ.’ சொல்ல வந்தது ‘போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு’. எழுதியிருப்பதோ ‘போய்ச் சேர்வதற்குள் கூப்பிட்டுவிடு’ என்பது போல ஆகிறது. ஊருக்குக் கிளம்பிய பிள்ளையிடம் கேட்பது அதுவல்ல. ‘வென் யூ ரீச்’ போதும். ‘நான் வரும்வரை இரு’ என்பதற்கும் ‘பை த டைம்’ உதவாது, அது ‘அன்டில்’. வரை வேறு, உள் வேறு. தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

உங்கள் மகளுக்கு இன்று இரவு ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் காதில் விழும் ‘-றதுக்குள்ள’ வாக்கியங்களை ஒரு தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ‘நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள தோசை ஆறிடுச்சு’, ‘அப்பா வர்றதுக்குள்ள படிச்சிடு’, ‘நான் சொல்றதுக்குள்ள அவனே சொல்லிட்டான்.’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த முதல் செயல் நடந்ததா, நடக்குமா, நடக்கவே இல்லையா என்று தமிழிலேயே எழுதட்டும். ஆங்கிலத்தை அதற்குப் பிறகு தொடலாம். பத்து வாக்கியம் சேர்ந்ததும் தாளைக் கொண்டுவந்து நீட்டுவாள். ‘அதுக்குள்ளயா?’ என்று நீங்கள் கேட்டால், அதையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். ‘பை தட் டைம்’ என்றால் தப்பு. ‘ஆல்ரெடி?’ என்றால் ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள்.