கேமரா பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

ஒரு திரைப்படப் பள்ளியில் பெரிய பெயர், விலையுயர்ந்த கேமராக்கள். இன்னொன்றில் சின்ன வகுப்பு. இரண்டிலும் திரைப்பட இயக்கம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, எதில் சேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமராவை விட்டுத்தள்ளுங்கள், நீங்கள் படித்து முடிப்பதற்குள் அது பழைய மாடலாகிவிடும். இரண்டு இடங்களிலும் மாணவர்கள் படிப்பின் முடிவில் எடுத்த டிப்ளமோ படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பரிசு வாங்கிய ஒன்றிரண்டைத்தான் காட்டுவார்கள். ஒரு பேட்ச் முழுவதையும் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காட்சியைக் கேட்டுப் பாருங்கள். ஷாட் மாறும்போதெல்லாம் குரல் மாறுகிறதா, பின்னணி இரைச்சல் சட்டென்று அறுந்துபோகிறதா? அப்படியென்றால் அங்கே ஒலியை யாரும் கண்டுகொள்வதில்லை. அப்புறம் எண்ட் டைட்டில். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றிலும் வெளியாட்கள் பெயராக வந்தால் யோசியுங்கள். கூடப் படிப்பவர்கள்தானே நாளைக்கு உங்கள் யூனிட்?

எல்லோருக்கும் படம் இயக்க வாய்ப்பு உண்டா, கதை தேர்வானவர்களுக்கு மட்டுமா? படத்தின் உரிமை யாருக்கு, விழாக்களுக்கு நீங்களே அனுப்பலாமா, தயாரிப்புச் செலவு கட்டணத்தில் அடக்கமா? இதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

என் ஓட்டு சின்ன வகுப்புக்கு. ஆனால் எடிட்டிங் அறை ராத்திரியிலும் கிடைக்குமா என்று இப்போது அங்கே படிக்கிறவர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.