வாசிப்பதற்கு மட்டும் ஒரு கருவி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகன் வாங்கித் தந்த டேப்லெட்டிலேயே நாளிதழும் மின்நூலும் படித்துவிடுகிறேன். படிப்பதற்கு மட்டுமே உதவும் கிண்டில் போன்ற மின்வாசிப்பான்களுக்கு இனியும் சந்தையில் இடம் இருக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருத்தாசலம்

பதில்: 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஐபேட் கடைக்கு வந்த நாளிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. 2007 நவம்பரில் 399 டாலர் விலையில் வந்த அமேசானின் முதல் கிண்டில் ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்திருந்தது. ஆனால் 499 டாலருக்குப் படம், பாட்டு, இணையம், விளையாட்டு எல்லாம் ஒரே கருவியில் கிடைக்கும்போது, கறுப்பு வெள்ளைத் திரையை யார் தேடுவார்கள் என்று கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கத்தான் செய்தது. அமேசான் விலையைக் குறைத்துத் தப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மூன்றாம் தலைமுறைக் கிண்டிலின் வைஃபை மாதிரி 139 டாலர்தான்.

அதன்பின் நடந்தது யாரும் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. 2013 நிதியாண்டில் 7.1 கோடி ஐபேடுகளை விற்ற ஆப்பிள், மூன்றே ஆண்டுகளில் சுமார் நாலரைக் கோடிக்கு இறங்கியது. மின்வாசிப்பானை விழுங்க வந்ததாகச் சொல்லப்பட்ட டேப்லெட்டின் பிழைப்பில், அதற்குள் பெரிய திரைக் கைப்பேசி கைவைத்துவிட்டது. மறுபக்கம், 2004இல் ஜப்பானில் மின்மைத் திரையுடன் (அச்சுத் தாளைப் போலத் தோன்றும் 'இ-இங்க்' திரை) முதல் வாசிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்த சோனி நிறுவனம் 2014இல் இந்தத் தொழிலை விட்டே விலகியது. சோனியின் கருவிகள் மட்டமானவை அல்ல. அவற்றைக் கையாண்டவன் என்ற முறையில் அவற்றின் கட்டமைப்பை இன்றும் மெச்சுகிறேன். ஆனால் அமேசானுக்கு இருந்ததைப் போன்ற புத்தகக் கடை சோனிக்கு வாய்க்கவில்லை.

என் கணிப்பு இதிலிருந்து பிறந்ததுதான். மின்வாசிப்பானின் ஆயுளை அதன் பின்னால் இருக்கும் புத்தகக் கடையின் கணக்குப் புத்தகமே தீர்மானிக்கும். சீனாவில் அமேசான் தனது கிண்டில் மின்நூல் கடையை 2023 ஜூன் 30 அன்று மூடியது. ஏற்கெனவே வாங்கிய நூல்களைப் பதிவிறக்கிக்கொள்ள மேலும் ஓராண்டு அவகாசம் தந்தது. அங்கே வாசகர்களின் கையில் இருந்த கருவிகள் எதுவும் பழுதாகவில்லை, திரைகள் மங்கவில்லை. கடை மூடியது, அவ்வளவுதான். ஆகவே, நிறையப் படிப்பவர்களுக்கான சிறிய, நிலையான சந்தையாக இது நீடிக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் எல்லா நாட்டிலும் எல்லா மொழியிலும் நீடிக்கும் என்று சொல்லத் துணியமாட்டேன். நாளிதழும் சில நூல்களும் படிக்கும் தங்களுக்கு, கையில் இருக்கும் டேப்லெட்டே போதும்.

கேள்வி: மின்மைத் திரை கண்ணுக்கு இதமானது, தூக்கத்தைக் கெடுக்காது என்பதெல்லாம் உண்மையா, விளம்பரமா?
– நூலகர், காரைக்குடி

பதில்: பாதி உண்மை. அந்தத் திரைக்குள் தலைமுடியின் தடிமனை ஒத்த நுண்ணிய உறைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வோர் உறைக்குள்ளும் தெளிவான திரவத்தில் வெள்ளை, கறுப்புத் துகள்கள் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலம் கொடுத்தால் ஒருவகைத் துகள் மேலே வரும், மற்றது கீழே போகும். அதன்பின் மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தைப் புரட்டும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால்தான் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்குகிறது. அச்சிட்ட தாளைப் போலவே இதுவும் சுற்றுப்புற ஒளியைத் திருப்பி அனுப்பித்தான் எழுத்தைக் காட்டுகிறது. எனவே நண்பகல் வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து படித்தால் எழுத்து இன்னும் துலக்கமாகும். அதே வெயிலில் டேப்லெட்டில் தெரிவது நம் முகம்.

தூக்கத்தைப் பற்றிப் பலரும் மேற்கோள் காட்டும் அமெரிக்க ஆய்வு ஒன்று 2014 இறுதியில் வெளியானது. அதில் பங்கேற்ற 12 பேர் படுக்கைக்கு முன் சில இரவுகள் ஒளிரும் திரையிலும், சில இரவுகள் அச்சு நூலிலும் படித்தார்கள். திரையில் படித்த இரவுகளில் தூக்கம் வரச் சராசரியாகப் பத்து நிமிடம் தாமதமானது. ஆய்வின் தலைப்பில் 'ஒளி உமிழும் மின்வாசிப்பான்' என்று இருந்ததால், கிண்டில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பல செய்திகள் வந்தன. உண்மையில் அங்கே பயன்படுத்தப்பட்டது முழு வெளிச்சத்தில் வைக்கப்பட்ட ஐபேட். மின்மைத் திரை சோதிக்கப்படவே இல்லை. ஆகவே அந்த ஆய்வை வைத்து மின்வாசிப்பானைப் பழிக்கவும் முடியாது, புகழவும் முடியாது. தவிர, 2012க்குப் பின் வந்த பெரும்பாலான வாசிப்பான்களில் திரையின் மேல் ஒளி பாய்ச்சும் முன்விளக்கு உண்டு. அதை உச்சத்தில் வைத்து நள்ளிரவு வரை படித்துவிட்டுத் திரையைக் குறை சொல்லக் கூடாது.

கேள்வி: மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது வண்ணத் திரையுடனும் வாசிப்பான்கள் வருகின்றனவே, பாடநூல்களுக்காக வாங்கலாமா?
– குடும்பத் தலைவி, ஈரோடு

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பெரிய பக்கம் ஆறு, ஏழு அங்குலத் திரையில் சுருங்கும்போது எழுத்து எறும்பு ஊர்வதைப் போலாகிவிடும். 2024இல் கோபோ என்ற மின்வாசிப்பான் நிறுவனமும் அமேசானும் கொண்டுவந்த வண்ண வாசிப்பான்களில் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகள், வண்ணப் படம் 150 புள்ளிகள்தான். நிறங்களும் வெளிறித் தெரியும். பத்து அங்குல டேப்லெட் வாங்குங்கள், விளையாட்டுச் செயலிகளுக்குப் பூட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஆங்கில நூல்களை வாசிப்பானில் சுகமாகப் படிக்கிறேன். தமிழுக்கு வந்தால் மட்டும் ஏன் இத்தனை தொல்லை?
– பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: கருவிகள் தமிழைத் தாமதமாகக் கற்றதும், நம் நூல்கள் கருவிக்கு ஏற்ற வடிவில் இல்லாததும் சேர்ந்த வினை இது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்க வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். சேமிக்கப்பட்ட குறிகளை இப்படி வரிசை மாற்றிக் கோக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு வேறெங்கோ போய் நிற்கும். நான் ஆரம்பத்தில் வாங்கிய ஒரு வாசிப்பானில் தமிழ்ப் பக்கம் முழுவதும் கொம்பும் புள்ளியும் சிதறிக் கிடந்தன. ஒரு மாதம் போராடிவிட்டு அதை ஆங்கிலத்துக்கென்று ஒதுக்கினேன். 2016 டிசம்பரில் அமேசான் தன் மின்நூல் கடையில் தமிழைச் சேர்த்த பிறகு இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது.

தீராதது இரண்டாவது குறை. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து தந்தது. அப்படிப்பட்ட நூலை வாசிப்பானில் ஏற்றினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், வரிகள் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் அரிய பழைய நூல்களோ பக்கங்களை வருடியெடுத்த படங்கள். அவற்றைச் சேகரித்தவர்கள் செய்திருப்பது பெருந்தொண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கருவியைப் பொறுத்தவரை அது எழுத்து அல்ல, புகைப்படம். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் படிப்பவர், அதாவது இந்தக் கருவியால் அதிகம் பயன்பெறக்கூடியவர், கடைசியில் டேப்லெட்டைத்தான் எடுக்கிறார்.

கேள்வி: வாசிப்பானில் அறுபது நூல்களுக்கு மேல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இவை எனக்குச் சொந்தமானவைதாமே?
– வழக்கறிஞர், நாகர்கோவில்

பதில்: சட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. வாங்கும் பொத்தானை அழுத்தும்போது நாம் பெறுவது பெரும்பாலும் படிக்கும் உரிமம்தான். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒரு நிறுவனம் விற்ற ஜார்ஜ் ஆர்வெலின் '1984' (மக்களை வேவு பார்த்து, பழைய பதிவுகளை அழிக்கும் அரசைப் பற்றிய நாவல்) பதிப்பை, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தபடியே நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. நீக்குவதற்கு அந்த நூலா கிடைத்தது என்று உலகமே சிரித்தது. நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வாங்கிய நூலைக் கணினியில் பதிவிறக்கி, யுஎஸ்பி கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 முதல் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. எனவே இனி வாங்கும்போது, பதிப்பகமே நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத இபப் (EPUB) என்ற பொதுவான மின்நூல் கோப்பாக நேரடியாக விற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அப்படிக் கிடைத்தால் சில ரூபாய் கூடுதலானாலும் அதையே வாங்கி, ஒரு படியைக் கணினியிலும் இன்னொன்றைப் பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.