வெளியில் போகும்போது தாய்ப்பால் கொடுக்க எந்த உடை வசதி? புடவைதான் கட்ட வேண்டுமா?

புடவைதான் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அதை நம்பித்தான் ஒரு கல்யாணத்துக்குப் போய் அழுதுகொண்டு திரும்பி வந்தேன்.

குழந்தைக்கு நான்கு மாதம், அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் முடி இறக்கப் போகிறோம், நான்கு மணி நேர பஸ் பயணம், சுடிதார்தான் பழக்கம், யார் கண்ணிலும் படாமல் எப்படிப் பால் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் குழந்தை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேள்வியைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கூட வருகிறவர்கள் பெரும்பாலும் புகுந்த வீட்டுக்காரர்கள் என்றும் நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். என் நிலைமை அப்படித்தான் இருந்தது, அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலுக்குக் கீழே "ஏன் மறைக்க வேண்டும்? அது என்ன குற்றமா?" என்று யாராவது வந்து எழுதுவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. குற்றமே இல்லை. பொது இடத்தில் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. ஆனால் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது நமக்கு உடம்பு கூசுகிறதே, அந்தக் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தால் பால் சரியாக இறங்காது, குழந்தையும் இழுத்து இழுத்து அழும். எனக்கு நடந்திருக்கிறது. அதனால் ஊரார் பார்வைக்காக இல்லை, அம்மா நிம்மதியாக உட்கார்வதற்காகத்தான் உடையைப் பற்றிப் பேசுகிறேன்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். என் பெண்ணுக்கு அப்போது மூன்று மாதம். நாத்தனார் வீட்டுக் கல்யாணம், மதுரையில் ஒரு மண்டபம். பட்டுப்புடவை, அதற்கு வளைகாப்பின்போது தைத்த ஜாக்கெட். முதுகில் ஹூக் வைத்து, மேலே கயிறு கட்டிக் குஞ்சம் தொங்கவிட்டது. தைக்கும்போது யாருமே யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, இதைப் போட்டுக்கொண்டு குழந்தைக்கு எப்படிப் பால் கொடுப்பாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முகூர்த்த நேரத்தில் குழந்தை அழ ஆரம்பித்தாள். மண்டபத்தின் ஓரத்தில் திரும்பி உட்கார்ந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, அத்தையை விட்டுப் பின்னால் ஹூக்கை அவிழ்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் என் முதுகு தெரிகிறது. வீடியோக்காரர் கூட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

அப்புறம் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். காய்கறி மூட்டை, வாழை இலைக் கட்டு, ஈரத் தரை. உட்கார ஒரு கவிழ்த்துப் போட்ட அண்டா. நாத்தனார் மகள் வாசலில் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு ஹூக்கையும் அவிழ்த்து, ஜாக்கெட்டையே தோளிலிருந்து கழற்றினால்தான் பால் கொடுக்க முடிந்தது. பாதி உடம்பு வெறுமையாக உட்கார்ந்திருக்கும்போது சமையல்காரர் இலை எடுக்க வந்துவிட்டார். பாவம், அவர் "மன்னிச்சிரும்மா" என்று உடனே போய்விட்டார். நான்தான் அங்கேயே அழுதேன். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கத்துப் பால் கசிந்து பட்டில் பட்ட கறை இன்றைக்கும் இருக்கிறது.

இதில் என் மாமியார் மேல் தப்பில்லை. அவர் காலத்தில் ஜாக்கெட் எல்லாமே முன்பக்க ஹூக்தான். புடவையைப் போல வசதி எதுவும் இல்லை என்று அவர் சொன்னது அந்த ஜாக்கெட்டை மனதில் வைத்து.

உங்களுக்குச் சிசேரியனா என்று தெரியவில்லை. எனக்கு ஆபரேஷன். பாவாடை நாடா சரியாகத் தையல் போட்ட இடத்தில் வந்து உட்காரும், இரண்டு மாதம் வரை என்னால் புடவையே கட்ட முடியவில்லை. இதைச் சொன்னால் உடனே "ஓ, ஆபரேஷனா?" என்று ஒரு மாதிரி இழுப்பார்கள் பாருங்கள், அதைக் கேட்டுக் கேட்டு வெறுத்துவிட்டது. குழந்தை பார்க்க வந்த எல்லோரும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்கள். வலி தாங்க முடியாமல் ஆபரேஷன் கேட்டு வாங்கினேன் என்று ஒரு சித்தி என் காதுபடவே சொன்னார். பதினாறு மணி நேரம் வலி பட்டேன், குழந்தையின் நாடித்துடிப்பு குறைந்ததால்தான் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு மறுநாளே எழுந்து நடப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்தப் படுக்கையிலிருந்து எழுந்து பார்க்கட்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எங்கேயாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஆன்லைனில் ஃபீடிங் ஏப்ரன் வாங்கினேன். கழுத்தில் மாட்டிக்கொண்டால் முன்னால் முழுக்க மூடிவிடும். அதை மாட்டிக்கொண்டு மே மாதம் மதுரையிலிருந்து பழனிக்குப் பஸ்ஸில் போனோம். மத்தியான வெயில், பஸ் நின்றால் காற்றே கிடையாது. துணிக்கு உள்ளே குழந்தைக்குத் தலை முழுக்க வியர்வை, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டது, காலால் உதைத்து உதைத்துத் துணியைத் தள்ளுகிறாள். அதுவரை திரும்பாதவர்கள்கூட அந்த ஆரஞ்சு கலர் துணியைப் பார்த்துத் திரும்பினார்கள். மறைப்பதற்காக மாட்டியதே எல்லோருக்கும் விளம்பரம் ஆகிவிட்டது. பக்கத்து சீட்டில் ஒரு அப்பத்தா, மடியில் கொய்யாப்பழக் கூடை. "அதைக் கழட்டு தாயி, பச்சப்புள்ளைக்கு மூச்சு முட்டுது. இங்கிட்டுத் திரும்பி ஜன்னல் பக்கமா வை" என்று சொல்லிவிட்டு, அவரே கொஞ்சம் திரும்பி நடைபாதைப் பக்கத்தை மறைத்து உட்கார்ந்துகொண்டார். என் டாப்பைக் கீழேயிருந்து சுருட்டித் தூக்கினேன். மேல் பக்கம் டாப் மறைத்தது, கீழ்ப் பக்கம் குழந்தையின் உடம்பே மறைத்தது. இடுப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது, அதற்குத் துப்பட்டாவைச் சொருகிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

எனக்கு விஷயம் புரிந்தது அன்றைக்குத்தான். எவ்வளவு துணி போர்த்துகிறோம் என்பது முக்கியமில்லை, உடை எந்த இடத்தில் திறக்கிறது என்பதுதான் முக்கியம். கழுத்துப் பக்கம் திறக்கிற உடையில் நெஞ்சு முழுக்கத் தெரியும், பின்னால் திறக்கிறது எதுவுமே உதவாது. கீழேயிருந்தோ பக்கவாட்டிலோ, தேவையான இடத்தில் மட்டும் திறந்தால் குழந்தையின் தலையே மீதியை மறைத்துவிடும். ஒரு கையில் குழந்தை இருக்கும், ஆகவே இன்னொரு கை மட்டும் வைத்துத் திறக்கவும் மூடவும் வர வேண்டும்.

சுடிதார்தான் உங்களுக்குப் பழக்கம் என்றால் கடையில் விற்கிற ஃபீடிங் குர்த்தி பரவாயில்லை, ஆனால் நான் வாங்கிய இரண்டிலுமே ஜிப் நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிட்டது. உயரமானவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். கடைசியில் எங்கள் தெருவில் தைக்கிற அக்காவிடம் பழைய காட்டன் டாப் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது பிரின்சஸ் கட் வைத்துத் தைத்தது, அதாவது நெஞ்சின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே ஒரு தையல் கோடு வரும். அந்தத் தையல் கோட்டிலேயே இரண்டு பக்கமும் பிரித்து ஒன்பது அங்குல இன்விசிபிள் ஜிப் வைத்துக் கொடுத்தார். வெளியே பார்த்தால் வெறும் தையல் கோடுதான் தெரியும். நைலான் ஜிப்தான் வைக்கச் சொல்லுங்கள், உலோக ஜிப் வேண்டாம். குழந்தையின் கன்னத்தில் கோடு விழும், வெயிலில் சுடவும் செய்யும். ஜிப்புக்கு உள்ளே ஒரு விரல் அகலத்துக்குத் துணிப் பட்டி வைக்கச் சொன்னேன், நம் தோலையும் கடிக்காது. இன்னொன்று, ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைக்கச் சொன்னேன். மூடியிருக்கும்போது ரன்னர் (பிடித்து இழுக்கிற பகுதி) கீழே இருக்கும், மேலே இழுத்தால் திறக்கும். அந்த அக்கா முதலில் "இப்படி யாரும் வைக்கிறதில்லையே" என்றார். இப்போது அவரே மற்றவர்களுக்கு அப்படித்தான் தைத்துக் கொடுக்கிறார்.

பச்சை உடம்பாக இருப்பதால் அளவு மாறிக்கொண்டே இருக்கும். மார்பு இறுக்கமாக எதையும் போடாதீர்கள். பிராவோ ஜாக்கெட்டோ இறுக்கினால் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரை போய்விடும். உள்பக்கம் தையல் விட்டுத் தைக்கச் சொன்னால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். கப்பை மட்டும் கிளிப்பில் கழற்றிவிடுகிற ஃபீடிங் பிரா இரண்டு மூன்று இருந்தால் போதும். டாப்புக்கு உள்ளே ஒரு ஸ்லிப் போட்டுக்கொண்டு, டாப்பை மேலே தூக்கி ஸ்லிப்பைக் கீழே இறக்கினால் வயிறும் தெரியாது. புது உடையே வாங்காமல் சமாளிக்க இதுதான் வழி.

வெளிர் நிறத்தில் ஒரே கலர் துணி வேண்டவே வேண்டாம். பக்கத்தில் வேறு குழந்தை அழுதாலே நமக்குப் பால் சுரந்து நனைந்துவிடும், அந்த ஈரம் இரண்டு வட்டமாகத் தெரியும். பொடிப் பூப் போட்டது, அடர்ந்த நிறம், சுங்குடி மாதிரி புள்ளி உள்ளது எல்லாம் ஈரத்தைக் காட்டாது. துப்பட்டா ஷிஃபானில் வேண்டாம், வழுக்கிக்கொண்டே இருக்கும். நன்றாகத் துவைத்து மெலிந்த காட்டன் துப்பட்டா இரண்டரை மீட்டர் இருந்தால் தோளில் போட்டு இன்னொரு கைக்கு அடியில் கொண்டுவந்து சொருகலாம், குழந்தையின் முகத்தை மட்டும் மூடாதீர்கள்.

கோயிலுக்குள் புடவைதான் என்று வீட்டில் சொன்னால், முன்பக்க ஹூக் வைத்த ஜாக்கெட் கட்டாயம். கீழ் இரண்டு மூன்று ஹூக்கை மட்டும் அவிழ்த்து ஜாக்கெட்டை மேலே தூக்கினால் போதும், எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியதில்லை. முந்தானையை மடிப்பு வைத்துப் பின் குத்தாதீர்கள், ஒற்றையாக விடுங்கள். இடது பக்கம் கொடுப்பது சுலபம், குழந்தையை முந்தானைக்கு அடியில் இடுப்புப் பக்கமாக நுழைத்துவிடலாம். வலது பக்கத்துக்கு முந்தானை நுனியை முதுகு வழியாகச் சுற்றி வலது தோளுக்கு மேல் முன்னால் கொண்டுவர வேண்டும். இது சொன்னால் வராது, வீட்டில் கண்ணாடி முன்னால் நாலு நாள் செய்து பார்த்தால்தான் வரும். குழந்தை பசியில் கதறும்போது முதல் தடவையாகச் செய்து பார்க்காதீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் பாலூட்டும் அறை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தின்போது, தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் அரசு அந்த அறைகளைத் திறந்தது. நல்ல திட்டம், அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பழனியிலிருந்து திரும்பி வரும்போது வழியில் இறங்கிய ஊரில் அந்த அறை பூட்டியிருந்தது. சாவி டைம் கீப்பரிடம் இருக்கும் என்றார்கள், அவர் கூட்டுகிற அம்மாவிடம் இருக்கிறது என்றார், அந்த அம்மா வந்து திறந்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் டப்பாவும். அதற்குள் குழந்தை அழுது அழுது விக்கல் எடுத்துவிட்டது. கூட வந்தவர்கள் கொஞ்சம் தண்ணி கொடு, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி கொடு என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் நம் ஊர் நர்சம்மாவும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். அறை திறந்திருந்தால் போய் உட்காருங்கள், ஆனால் அதை நம்பி உடையை முடிவு செய்யாதீர்கள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்து, நடைபாதைப் பக்கம் உங்கள் அம்மாவையோ வீட்டுக்காரரையோ உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், என் கணவருக்கு நான் சொல்லும் வரை தெரியவே இல்லை.

கோயிலில் பிள்ளை கதறப்போவது தலையில் தண்ணீர் தொட்டுக் கத்தி வைக்கிற நேரத்தில்தான். தாய்மாமன் மடியிலிருந்து உங்கள் கைக்கு வந்த அடுத்த நிமிடம் பால் வேண்டும், அப்போது ரூமுக்கு ஓட முடியாது. அதனால் முடி இறக்கும் வரை அந்த ஜிப் வைத்த டாப்பிலேயே இருங்கள். பட்டுப்புடவையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், சந்தனம் தடவிக் குழந்தை தூங்கிய பிறகு ஃபோட்டோவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.