ஜப்பானிய கிமோனோ சாயக்கலைஞர் இட்சிகு குபோதாவை ஏன் ‘தானே கற்றவர்’ என்கிறார்கள்? 14 வயதிலேயே ஒருவரிடம் தொழில் பழகியவர்தானே?

பழகியது யூசென் என்ற சாயக்கலை. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததோ துஜிகஹானா என்ற பழைய ஜப்பானியச் சாயக்கலை. துணியில் வரைந்த பூவின் ஓரமாக ஊசியால் தையல் ஓட்டி, நூலை இழுத்து இறுக்கிக் கட்டுவார்கள். துணி சுருங்கிக் குமிழாக நிற்கும். கட்டின இடத்தில் சாயம் ஏறாது. கூடவே தூரிகையால் மெல்லிய மைக்கோடுகளும் வரைவார்கள். அவ்வளவுதான் அடிப்படை.

ஆனால் இந்தக் கலை 17ஆம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்துவிட்டது. சொல்லித்தர ஆள் இல்லை. 20 வயதில் டோக்கியோ அருங்காட்சியகத்தில் ஒரு சிறு துண்டுத் துணியைப் பார்த்ததுதான் அவருக்குக் கிடைத்த பாடம். எங்கோ ஒருமுறை சாப்பிட்ட குழம்பை, செய்முறை தெரியாமல், நாக்கின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் வைத்துப் பார்ப்பது போல. அதற்குள் இரண்டாம் உலகப் போர், சைபீரியாவில் சிறைவாசம். திரும்பி வந்து, கட்டி, சாயமேற்றி, அவிழ்த்து, மறுபடி கட்டி... முதல் கண்காட்சி வைத்தது 1977இல், 60 வயதில்! அந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம், பழைய கலையை அப்படியே மீட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை, அந்தக் காலப் பட்டு கிடைக்காததால் இக்காலப் பட்டிலும் செயற்கைச் சாயத்திலும் செய்து, ‘இட்சிகு துஜிகஹானா’ என்று தன் பெயரையே சேர்த்துக்கொண்டார்.