ஜோகேஸ்வரியில் இருந்த குரல்

அன்புள்ள ஐயா,

பத்து நாள் முன்பு இரவு வேலை முடிந்து அந்தேரியில் என் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் ஒரு பழைய இந்திப் பாட்டு ஓடியது. இறங்க வேண்டிய இடம் வந்தபிறகும், பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். யார் பாடியது என்று ஓட்டுநரைக் கேட்டேன். "லதாஜி" என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் முபாரக் பேகம் என்று வந்தது. அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. மும்பைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கடைத்தெரு இந்திதான் தெரியும். பாட்டின் சொற்கள் பாதிகூடப் புரியவில்லை. ஆனாலும் தினமும் கேட்கிறேன். இப்படிப் பாடியவரை ஏன் மறந்துபோனார்கள்? லதா மற்றவர்களை வளரவிடவில்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார், உண்மையா? எனக்கு வயது 34. 1961-ல் வந்த பாட்டைக் கேட்கிறேன் என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். இது வெறும் பழங்கால ஏக்கம்தானா?

ச., மும்பை

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏக்கம் என்பது நாம் வாழ்ந்த காலத்தின் மேல் வருவது. 1961-ல் நீங்கள் பிறக்கவே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, பாடியவரின் பெயர் தெரியாது, மொழியும் பாதிதான் தெரியும். அப்படியும் ஆட்டோவை விட்டு இறங்க முடியவில்லை என்றால், உங்களைப் பிடித்து நிறுத்தியது பாட்டு மட்டும்தான். என் தலைமுறைக்காரர்கள் இந்தப் பாடல்களைக் கேட்கும்போது கூடவே எங்கள் இளமையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்கு அது இல்லை. என்னைவிட நீங்கள் அதைச் சுத்தமாகக் கேட்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

சொற்கள் புரியவில்லை என்கிறீர்கள். புரிந்தால் பாட்டு இன்னும் கனமாகும். 'கபி தன்ஹாயியோ மே யூ' என்று அந்தக் குரல் இறங்கி வருவதைக் கேட்டால், பிரிந்துபோன காதலனை நினைத்து உருகுகிறாள் என்றுதான் தோன்றும். பல்லவி சொல்வது இது: தனிமையில் இருக்கும்போது என் நினைவு உனக்கு இப்படி வரும், இருள் கவிந்துகொண்டே இருக்கும், திடீரென்று மின்னல் வெட்டும். இதுவரை உருக்கம்தான். அடுத்த வரிகளில் அந்த மின்னல் உன் காதல் உலகத்தைச் சாம்பலாக்கிவிடும் என்கிறாள். அதன்பிறகு உன்னால் வாழவும் முடியாது, உனக்குச் சாவும் வராது என்கிறாள். இது தாலாட்டு மாதிரிப் பாடப்பட்ட சாபம். கோபம் ஓரிடத்திலும் குரலை உயர்த்தவில்லை. இரண்டாவது முறை கேட்கும்போதுதான் முதுகு சில்லிட்டது எனக்கு.

படத்தின் பெயர் 'ஹமாரி யாத் ஆயேகி'. எழுதி இயக்கியவர் கேதார் சர்மா, இந்தப் பாட்டும் அவர் எழுதியதுதான். 1947-ல் ராஜ் கபூரையும் மதுபாலாவையும் 'நீல் கமல்' படத்தில் ஜோடியாக நிறுத்தியவர் அவர். இசை ஸ்நேஹல் பாட்கர். அவரையும் இந்த ஒரு பாட்டை வைத்துத்தான் பலருக்குத் தெரியும்.

முபாரக் பேகம் ராஜஸ்தானில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வரிகளை யாராவது வாசித்துக் காட்ட, காதால் வாங்கி மனப்பாடம் செய்து பாடுவார். தொடக்கத்தில் ஒலிவாங்கியின் முன்னால் நின்றதும் குரலே எழாமல் திரும்பிப் போயிருக்கிறார். பிறகு 1949-ல் 'ஆயியே' என்ற படத்தில் தொடங்கினார். பிமல் ராயின் 'தேவதாஸ்', 'மதுமதி' இரண்டிலும் அவர் பாட்டு உண்டு. 1963-ல் 'ஹம்ராஹி' படத்தில் பாடகர் முகமது ரஃபியோடு பாடிய 'முஜ்கோ அப்னே கலே லகா லோ' நாடெங்கும் ஒலித்தது. அதற்குப்பிறகு மெல்ல மெல்ல வாய்ப்புகள் வற்றின. கடைசிக் காலம் வறுமையில் போனது.

நீங்கள் அந்தேரியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து போரிவலி வண்டி ஏறினால் அடுத்த நிலையம் ஜோகேஸ்வரி. அங்கே ஒரு சின்ன வீட்டில்தான் அவர் வாழ்ந்தார். 2016 ஜூலையில் இறந்தார். இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அடுத்த நிலையத்தில் இருந்திருக்கிறாரே என்று.

சரி, லதா. உங்கள் நண்பர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. 1940-களில் இந்திப் பாட்டின் பெண்குரல் வேறு மாதிரி இருந்தது. ஜோஹ்ராபாய் அம்பாலேவாலி, அமீர்பாய் கர்நாடகி, ராஜ்குமாரி, ஷம்ஷாத் பேகம் எல்லோருமே நெஞ்சிலிருந்து பாடியவர்கள், கனத்த குரல்கள். 'ரத்தன்' (1944) படத்தில் ஜோஹ்ராபாய் பாடிய 'அகியா மிலாகே' கேட்டுப் பாருங்கள், தெருவில் நின்று கூப்பிடுவது போல இருக்கும். 1949-ல் 'மஹல்', 'அந்தாஸ்', 'பர்சாத்' மூன்றும் வந்தன. லதாவின் மெல்லிய, கூர்மையான குரல் ஒரே வருடத்தில் காதுகளை மாற்றிவிட்டது. அந்தக் குரல் உண்மையிலேயே அபூர்வமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன்பிறகு கதாநாயகி என்றால் அந்தக் குரல்தான் என்று இசையமைப்பாளர்களும் தயாரிப்பாளர்களும் முடிவு கட்டிக்கொண்டார்கள். மற்ற பாடகிகளுக்கு முஜ்ரா என்னும் நடனப் பாட்டு, கவ்வாலி என்னும் குழுப்பாட்டு, தோழியின் பாட்டு என்று மிச்சம் மீதி போனது. என் வருத்தம் அந்த முடிவை எடுத்தவர்கள் மேல்தான் அதிகம். குரல் தேடும் வேலையை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ராஜ்குமாரிக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'மஹல்' படத்தில் லதாவின் 'ஆயேகா ஆனேவாலா' எல்லோருக்கும் தெரியும். அதே படத்தில் 'கப்ரா கே ஜோ ஹம்' பாடியவர் ராஜ்குமாரி. கேம்சந்த் பிரகாஷின் இசை. என் காதுக்கு அந்தப் படத்தின் மிகச் சிறந்த பாட்டு அதுதான். 'பாகீஜா' (1972) தயாராகிக்கொண்டிருந்தபோது இசையமைப்பாளர் குலாம் முகம்மது இறந்துவிட, பின்னணி இசையை நௌஷாத் செய்தார். ஒலிப்பதிவுக்கு வந்த கோரஸ் பெண்களுக்கு நடுவே ராஜ்குமாரி நிற்பதைப் பார்த்தார். ஒரு காலத்தில் முன்னால் நின்று பாடியவர், கூட்டத்தில் ஒருவராக வந்திருக்கிறார். நௌஷாத் மனம் கேட்காமல் அவருக்கு அந்தப் படத்திலேயே தனிப்பாட்டு ஒன்று கொடுத்தார். 'நஜரியா கி மாரி' அதுதான்.

பெயர் தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கால இசைத்தட்டுகளில் பாடியவரின் பெயருக்குப் பதில் கதாபாத்திரத்தின் பெயரை அச்சிடும் வழக்கம் இருந்தது. 'ஆயேகா ஆனேவாலா' தட்டிலேயே லதாவின் பெயர் இல்லை, படத்தில் மதுபாலாவின் பாத்திரப் பெயரான காமினிதான் இருந்தது. நேயர்கள் வானொலி நிலையத்துக்கு எழுதிக் கேட்ட பிறகே லதா என்று தெரிந்தது. லதாவுக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களை யோசித்துப் பாருங்கள்.

என் அப்பாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் காலை 7.30-க்கு இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் பழைய படப் பாடல்கள் போடுவார்கள், அதை விடவே மாட்டார். எட்டு மணிக்குச் சற்று முன்பு கடைசியாக ஒரு கே. எல். சைகல் பாட்டு வரும். அது ஆரம்பித்தால் நான் பள்ளிக்கூடப் பையைத் தூக்க வேண்டும். அப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். பாட்டின் முதல் சொற்களையும் அறிவிப்பாளர் சொல்லும் பாடகர் பெயரையும் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுவார். முபாரக் பேகம் அதில் 'முபாரக் வேகம்' என்று இருக்கிறார். சிற்றலை இரைச்சலில் பெயர் கேட்காமல் போனால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார், ஊகித்து எழுதமாட்டார்.

ஆனால் ஓர் இடத்தில் அவர் காதும் ஏமாந்திருக்கிறது. 'நா தும் ஹமே ஜானோ'வில் ஹேமந்த் குமாரின் பெயருக்குப் பக்கத்தில் 'லதா' என்று எழுதியிருக்கிறார். அது சுமன் கல்யாண்பூர். உங்கள் ஆட்டோக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். ராயல்டி விஷயத்தில் லதாவும் ரஃபியும் பிணங்கி, சில வருடங்கள் சேர்ந்து பாடாமல் இருந்தபோது ரஃபியோடு சுமன்தான் நிறையப் பாடினார். 'ஆஜ்கல் தேரே மேரே ப்யார் கே சர்சே' (1968) இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. ஆடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 2023-ல் பத்மபூஷண் வந்தபோது அவருக்கு வயது 86.

அந்த நோட்டின் காலி இடங்களை நான் நிரப்பிக்கொண்டு வருகிறேன். கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' 1931-லிருந்து வந்த இந்திப் படப் பாடல்களை, பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து, படம், பாட்டு, பாடியவர், எழுதியவர், இசைத்தட்டு எண் என்று தொகுத்துப் பெரிய பெரிய புத்தகங்களாகப் போட்டிருக்கிறார். 'ஹிந்தி ஃபில்ம் கீத் கோஷ்' என்று பெயர். உ.வே.சா. ஏட்டுச் சுவடிகளுக்குச் செய்ததைப் போன்ற வேலை என்று சொன்னால் மிகையில்லை. முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வுக்கு இன்று பிரதியே கிடையாது, அதன் பாடல்கள் இசைத்தட்டாகவும் வரவில்லை. அந்தப் படத்தில் என்ன பாடினார்கள் என்பதை இனி எழுத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சுதா மல்ஹோத்ராவை விட்டுவிட்டேன். 'தீதி' (1959) படத்தில் 'தும் முஜே பூல் பீ ஜாவோ' அவர் முகேஷுடன் பாடியது, மெட்டும் அவரே போட்டது. அடுத்த வருடமே கல்யாணமாகி, படங்களில் பாடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். இவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அடுத்து என்ன கேட்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். மீனா கபூர். கீதா தத் என்று பலர் நினைத்துக்கொள்ளும் குரல். 1965-ல் வந்த 'சோட்டி சோட்டி பாத்தேன்' படத்தில் 'குச் அவுர் ஜமானா கஹ்தா ஹை'. இசை அவருடைய கணவர் அனில் பிஸ்வாஸ். உலகம் ஒன்று சொல்கிறது, என் மனதின் பிடிவாதம் வேறொன்று என்று தொடங்கும். காதில் கருவி மாட்டிக்கொண்டு கேளுங்கள், ஆட்டோ சத்தத்தில் வேண்டாம். கேட்டுவிட்டு எழுதுங்கள்.